தோளுக்குக் கீழே

நான் கல்யாணமாகி வந்த வீட்டில் தோளுக்கு மேலே எதுவும் கிடையாது.

சமையலறையில் மேல் அலமாரிகள் இருந்தன. திறந்தால் காலி. பாத்திரம், டப்பா, தட்டு எல்லாம் இடுப்பளவிலும் அதற்குக் கீழேயும் அடைசலாகக் கிடக்கும். பால்கனியில் துணி காயப்போடும் கயிறு என் வயிற்றுக்கு நேராக ஓடும். போர்வையைப் போட்டால் பாதி தரையைக் கூட்டும். ஜன்னல்களுக்குத் திரைச்சீலை இல்லை. சாயங்காலம் விளக்கைப் போட்டால் வீட்டுக்குள் இருக்கிறவர்கள் எல்லோரும் கண்ணாடியில் இன்னொரு தடவை தெரிவோம். முதல் மாதம் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பயமெல்லாம் பிறகுதான் வந்தது.

"உங்க வீட்டுல எல்லாரும் குள்ளமா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் லிப்ட் மெக்கானிக். வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து வருகிற ஆள்.

"ஏன் அப்படிக் கேக்கற?"

"எல்லாம் கீழயே கிடக்கே."

சுற்றிலும் பார்த்தார். பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்தவருக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. "அம்மாவுக்குத் தோள்பட்டை வலி இருக்கும்" என்றார். இருக்கும் என்றாரே தவிர, இருக்கிறது என்று சொல்லவில்லை.

அத்தைக்குத் தோள்பட்டையில் ஒரு கோளாறும் இல்லை. நிரம்பிய வாளியை ஒற்றைக் கையால் நகர்த்துவார். கையை மட்டும் தோளுக்கு மேலே கொண்டுபோக மாட்டார். தலை வாரும்போது குனிந்து, கூந்தலை முன்னால் போட்டு வாருவார். பஸ்ஸில் மேலே தொங்கும் பிடியை விட்டுவிட்டு இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொள்வார். கேட்டால், "பழகிடுச்சும்மா" என்பதோடு சரி. மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வேறு யாரையும் கேட்க வழியில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எதையும் கேட்காமல் விட்டால் சாப்பாடு இறங்காது. ஆனால் இதை விட்டுவிட்டேன். மாமியார் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அலமாரிக்குச் சண்டை போட்டாள் என்று பெயர் வாங்குவானேன்.

நான் வேலை பார்ப்பது படங்களுக்குச் சட்டம் போடும் கடையில். முதலாளியை எல்லோரும் தொண்ணூறு என்போம். சட்டத்தின் மூலை ஒவ்வொன்றும் தொண்ணூறு டிகிரி நிற்கவில்லை என்றால் மனிதருக்குத் தூக்கம் வராது. மாட்டிக் கொடுத்த படத்தின் கண்ணாடி விரிசல் விட்டுத் திரும்பி வந்தால், அதை மேசையில் போட்டு, விரிசல் எங்கே தொடங்குகிறது என்று விரலால் பின்னோக்கிப் போவார். மூலையில் தொடங்கினால், கண்ணாடியை இறுக்கமாக வெட்டியவள் மேல் தப்பு. அது நான். ஓரத்தின் நடுவில் தொடங்கினால், ஆணி அடித்தவர் மேல். நட்டநடுவில் என்றால் வாங்கிப் போனவர் இடித்திருக்கிறார். ஆள் இல்லாமல் விரிசல் இல்லை என்பது அவர் கட்சி. வருஷக்கணக்காகக் கேட்டு எனக்கும் அது ஊறிப்போய்விட்டது.

முதல் கரு மூன்றாவது மாதத்தில் போயிற்று. ஸ்கேன் எடுத்த பெண் அதுவரைக்கும் என்னிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றது. திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். "ஒரு நிமிஷம், டாக்டரக் கூப்பிடறேன்" என்று எழுந்து போனாள். அந்த அறையில் நானும் அந்த மெஷினும் மட்டும் இருந்தோம். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டது ஒரே கேள்வி. "மேல கையத் தூக்கினியா?"

தூக்கியிருந்தேன். கடையில் வெட்டாத கண்ணாடிகள் மேல் தட்டில்தான் நிற்கும். "தூக்கினேன்" என்றேன்.

அத்தை தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று முதல் நானும் விரலை வைத்துப் பின்னோக்கிப் போக ஆரம்பித்தேன். எந்த நாள், எந்தக் கண்ணாடி, எந்தப் படி, எந்தச் சண்டை.

இரண்டாவது தடவை கடையில் மேல் தட்டின் பக்கமே போகவில்லை. அதுவும் போயிற்று. "பஸ்ல கம்பியப் புடிச்சேன் அத்தை" என்று நானாகவே போய்ச் சொன்னேன். கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். எனக்கே என்னைப் பார்க்கக் கேவலமாக இருந்தது.

மூன்றாவது தடவை அத்தை என்னை எழுந்திருக்கவே விடவில்லை. விடுப்புப் போட்டுவிட்டுப் படுத்தேன். தட்டு படுக்கைக்கு வந்தது. தலையைக்கூட அத்தையே வாரிவிட்டார். வீட்டில் சத்தமில்லை. மதியம் வெயில் ஜன்னல் வழியாக நேராக முகத்தில் விழும், மறைக்க ஒரு துணி இல்லை.

ஒரு மதியம் யாரோ என் கையைத் தொடுவதுபோல் இருந்து கண்ணைத் திறந்தேன். தூக்கத்தில் நான் ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டிருக்கிறேன். அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, என் மணிக்கட்டைப் பிடித்து, எழுப்பாமல், மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். விரல்கள் சில்லென்று இருந்தன. இறக்கி, இடுப்போடு ஒட்டி வைத்து, போர்வையை இழுத்து இரண்டு பக்கமும் செருகினார். என் கண் திறந்திருப்பதை அவர் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். அதற்கு முன்னால் எத்தனை மதியம் அப்படி வந்து நின்றாரோ. அதன்பிறகு எனக்குத் தூக்கம் என்பது போய்விட்டது. கண்ணை மூடினால் என் கை என் பேச்சைக் கேட்காமல் தானாக மேலே போய்விடுமோ என்று கிடந்தேன்.

கழிவறைக்குப் போவது அதைவிடப் பயம். போகிற ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். வெள்ளையாக இருக்கிறதா, இல்லையா. கதவுக்கு வெளியே அத்தையின் நிழல் நிற்கும். உள்ளே நான் பார்ப்பேன், வெளியே அவர் காத்திருப்பார், இரண்டு பேரும் மூச்சுவிட மாட்டோம். ஒரு நாள் வெள்ளையாக இல்லை.

அந்தத் தடவை அத்தை என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றுமில்லை. கையைத் தூக்கவே இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

வேறொரு டாக்டரிடம் போனோம். நடுத்தர வயதுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"யாரால போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் டாக்டர். நானா, வேற யாராவதா. தெரிஞ்சா போதும்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆள்தான் வேணுமா உங்களுக்கு?" என்றார். "ஆரம்பத்துல கலையற கருவுல பாதிக்கு மேல, கரு உருவாகும்போதே குரோமோசோம் கூடுதலாவோ குறைவாவோ அமைஞ்சிடும். அது வளரவே முடியாது. அத யாரும் பண்ணல, யாராலயும் நிறுத்தவும் முடியாது. ஆனா உங்களுக்கு மூணு தடவ ஆயிருக்கு. அதனால தேடலாம். ரத்தம் உறையற விதம், தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையோட அமைப்பு. தேடியும் நிறைய பேருக்கு ஒண்ணும் கிடைக்காது. அதையும் இப்பவே சொல்லிடறேன்."

எனக்குக் கிடைத்தது. ரத்தத்தில் ஒரு சோதனை சரியில்லை. மூன்று மாதம் கழித்து அதையே திரும்ப எடுத்தார்கள், அப்போதும் சரியில்லை. நஞ்சுக்கொடிக்குப் போகிற மெல்லிய குழாய்களில் என் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறதாம். மறுபடி கரு தரித்தால், தெரிந்த உடனே, தினமும் வயிற்றில் ஒரு ஊசி, கூடவே சின்ன அளவு ஆஸ்பிரின். இதெல்லாம் அவர் சொல்லித்தான், நாமாக எதையும் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

"அப்ப தங்கிடுமா டாக்டர்?"

"வாய்ப்பு நல்லா கூடும். உறுதின்னு சொல்ல மாட்டேன்."

வேலையைப் பற்றிக் கேட்டார். கண்ணாடி வெட்டலாம், நிற்கலாம், கையை எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கலாம். வார்னிஷ் அடிக்கிற மூடிய அறைக்குள் மட்டும் போகக் கூடாது, அந்த நெடி ஆகாது. பிறகு என் வீட்டுக்காரரின் சட்டைப் பையைப் பார்த்தார். "அந்த சிகரெட் பாக்கெட்டையும் விட்டுடுங்க. அவங்க பக்கத்துல மட்டுமில்ல, மொத்தமாவே." இவர் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார், ஏதோ அது தானாக மறைந்துவிடப் போகிறதுபோல.

"படுத்தே இருக்கணுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். படுத்துக் கிடக்கறதால கரு தங்கறதில்ல. உங்க ரத்தத்துக்கு அசையாம கிடக்கறது நல்லதும் இல்ல. நடங்க."

"போன தடவ முழுக்கப் படுக்கையிலதான் இருந்தா" என்றார் இவர்.

"அதனால போச்சுன்னு நான் சொல்லல. அப்படி எடுத்துக்காதீங்க."

இவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் போய் நின்றார். என் வீட்டுக்காரர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"நீதாம்மா. நீ படுக்க வச்சுதான் போச்சு."

பொய் சொல்வானேன், ஒரு கணம் எனக்கு இனித்தது. அப்பாடா, ஆள் கிடைத்துவிட்டது, அது நான் இல்லை. அத்தை எப்படிச் சமாளிக்கப் போகிறார் என்று பார்த்தேன்.

அத்தை சமாளிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "ஆமாப்பா. நான்தான்" என்றார். யோசித்துச் சொன்னதுபோல் இல்லை. ரொம்பக் காலமாக வாயிலேயே வைத்திருந்த பதிலை, கேட்டதும் எடுத்துக் கொடுத்ததுபோல் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அத்தை மேல் அல்ல.

"டாக்டர் என்ன சொன்னாங்க, நீங்க என்ன பேசறீங்க?" என்று இவர் பக்கம் திரும்பினேன். "ஆள் வேணும்னா வரிசையா நிக்கலாமே. மாடிப்படியில நின்னு தினமும் ஊதினது யாரு? உங்கம்மாவா?"

இவர் வெளியே போய்விட்டார். போனவர் பாக்கெட்டைப் படிக்கட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டதைப் பிற்பாடு பார்த்தேன்.

அத்தை அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்து நின்றார். இருட்டத் தொடங்கியிருந்ததால் கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. அந்த முகத்திடம் பேசுவதுபோலத்தான் பேசினார்.

"இவனுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு. இவனுக்குத் தெரியாது. அஞ்சாம் மாசம். பொண்ணு. இந்த ஜன்னலுக்குத்தான் திரை மாட்டிட்டிருந்தேன். எக்கி, ரெண்டு கையும் மேல. அப்பதான் வலி வந்துச்சு. அவர் வந்து நின்னாரு. என்னைப் பாக்கல, திரையத்தான் பாத்தாரு. ஒரு பக்கம் மாட்டி, ஒரு பக்கம் தொங்குது. 'நீதான்'னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அடிக்கல, திட்டல. சாகற வரைக்கும் அதப் பத்தி வாயே தொறக்கல. அந்த ஒரு வார்த்தைதான்." பெருமூச்சு விட்டார். "இவன் வயித்துல இருந்தப்ப கையே தூக்கல. நின்னுட்டான்."

"பொறந்த பிறகாவது தூக்கியிருக்கலாமே அத்தை."

"நெனப்பேன். நெனச்சா, தூக்கின உடனே இவனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு வரும். லிப்ட் மேல ஏறி நின்னு வேல பாக்கறான். போன் அடிச்சா எனக்கு உசிரு போய் வரும்."

என் வீட்டுக்காரருக்கு முன்நெற்றியில் நரை விழுந்துவிட்டது. அவர் வயது முழுக்க இந்தப் பெண்மணி கையைக் கீழேயே வைத்திருந்து அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அதே சமயம், செத்துப்போன மாமனாரை எழுப்பி நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும்போல ஆத்திரமாகவும் இருந்தது.

"டாக்டர் சொன்னாங்க அத்தை, கை தூக்கறதுல ஒண்ணும் இல்லையாம்."

"டாக்டருக்கு எங்க வீட்டுல நடந்தது தெரியாதும்மா" என்றார்.

நான்காவது தடவை தெரிந்த அன்றே ஊசி ஆரம்பித்தது. இவருக்கு ஊசியைக் கண்டாலே தலை சுற்றும், ஆகவே நானே போட்டுக்கொண்டேன். வயிறெல்லாம் கன்றிப்போய் நீலமும் மஞ்சளுமாக ஆயிற்று. அத்தை முதலில் எழுந்து வெளியே போவார். பிறகு வாசலில் நின்றார். பிறகு பஞ்சை எடுத்துக் கொடுத்தார். சிகரெட் இல்லாததால் இவர் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். கடை முதலாளி தொண்ணூறு, வார்னிஷ் வேலையைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டு, "அந்தப் பக்கம் தல வச்சுப் படுக்காத" என்று என்னை மிரட்டினார்.

நான் நடந்தேன், வேலை செய்தேன், மேல் தட்டிலிருந்து கண்ணாடி எடுத்தேன். எடுக்கும்போதெல்லாம் யாரோ பின்னால் நின்று என் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல் இருக்கும். அறிவு ஒன்று சொல்லும், கை வேறொன்று கேட்கும். முதல் கரு கலைந்த வாரம் வந்தது, கடந்தது. இரண்டாவது கலைந்த வாரம். மூன்றாவது கலைந்த வாரம். கழிவறைக் கதவுக்கு வெளியே நிழல் நின்றுகொண்டுதான் இருந்தது. சாயங்காலம் விளக்கைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடியில் எங்கள் மூன்று பேரைவிட அதிகம் பேர் தெரிவதுபோல் எனக்குத் தோன்றும். எண்ண மாட்டேன். எண்ணினால் போனவர்களோடு கணக்குச் சரியாக வந்துவிடுமோ என்று பயம்.

ஐந்தாம் மாதம் நெருங்க நெருங்க அத்தை சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குக் கடக்க வேண்டிய வாரங்கள் கடந்துவிட்டன. அவருடையது இனிமேல்தான்.

அந்த மாத ஸ்கேனுக்கு இவரால் வர முடியவில்லை. எங்கேயோ லிப்ட் நடுவில் நின்று, ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். "நான் வரேம்மா" என்றார் அத்தை. மருத்துவமனைப் பக்கமே வராதவர்.

அறைக்குள் என் கால்மாட்டில் நின்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினார். எதுவும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கமான மௌனம். திரை திரும்பப் போகிறது என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வந்தது. வேகமாக, விடாமல், மெஷின் முழுக்க நிரம்பி வந்தது.

"நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. வளர்ச்சி நல்லா இருக்கு. ஊசிய நிறுத்திடாதீங்க."

நான் தேம்பித் தேம்பி அழுதேன். வெட்கமே படவில்லை. டாக்டர் துடைக்கக் காகிதம் கொடுத்தார். அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கலாமா? எனக்கும் ஒண்ணு போச்சு. அஞ்சு மாசத்துல. கையத் தூக்கித் திரை மாட்டும்போது போச்சு. அப்படிப் போகுமா?"

டாக்டர் நாற்காலியைத் திருப்பி அத்தையைப் பார்த்து உட்கார்ந்தார். காய்ச்சல் இருந்ததா, தண்ணீர் உடைந்ததா, ரத்தப் போக்கு முன்பே இருந்ததா என்று பொறுமையாகக் கேட்டார். அத்தை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நேற்று நடந்ததைச் சொல்வதுபோல ஒன்றுகூட மறக்காமல் சொன்னார். முந்தின நாளிலிருந்தே லேசாக ரத்தம் பட்டதாம், இடுப்பு வலித்ததாம். யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லவில்லையாம்.

"என்ன காரணம்னு இப்ப என்னால சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். "அன்னைக்குச் சோதிச்சிருந்தா தெரிஞ்சிருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம். ஆனா அது முந்தின நாளே ஆரம்பிச்சிடுச்சு. நீங்க கையத் தூக்கினதால இல்ல."

"உறுதியாவா?"

எனக்கு எதையும் உறுதியாகச் சொல்லாத அந்த டாக்டர், "உறுதியா" என்றார்.

வெளியே நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அத்தை ஒன்றில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். பாரம் இறங்கிய முகத்தைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். அந்த முகத்தில் அப்படி எதுவும் இல்லை.

"அவரு கடைசியில படுக்கையில கிடந்தப்போ, தண்ணி குடுக்கப் போவேன்" என்றார். "என் கையத்தான் பாப்பாரு. மூஞ்சியப் பாக்க மாட்டாரு. அப்படியே பாத்துக்கிட்டே போயிட்டாரு."

"அத்தை..."

"இப்ப யார்கிட்ட போய்ச் சொல்றது, நான் இல்லேன்னு?"

உள்ளேயிருந்து ரத்த அழுத்தம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். நான் அத்தையின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன்.